சிலோனுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள்

எங்கள் தெருவில் யார் சிலோனுக்குக் கிளம்பினாலும் என்னிடம் ஒரு நடை வந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். என்ன எடுத்துப்போவது, எதைப் பார்ப்பது, எதைத் தின்னாமல் இருப்பது என்று ஆயிரம் கேள்வி. நானும் பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிக்கொண்டே போவேன். குடை இல்லாமல் படியிறங்காதீர்கள். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், கொஞ்சம் சுண்ணாம்பு தடவுங்கள், தானே விழும். காய் தொங்கும் பலாமரத்தின் அடியில் உட்காராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கேயிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு போகாதீர்கள் என்பேன். "அந்த ஊருக்கு எவனாச்சும் தண்ணி கொண்டு போவானா?" என்று சிரிப்பார்கள்.

என் அப்பா கொண்டுபோனார். பித்தளைக் கூஜா நிறைய, திருகு மூடி போட்டு, மேலே துணி சுற்றி, திண்டுக்கல்லிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தனுஷ்கோடியில் சுங்கக்காரர் ஒருவர் அதைத் திறக்கச் சொன்னார்.

"என்ன இது?"

"தண்ணிங்க."

"எதுக்கு?"

"குடிக்கத்தாங்க. போற ஊருல எப்படியோ, என்னமோ."

அவர் மோந்து பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். சுற்றிலும் கடல், அக்கரையில் மழை பெய்துகொண்டே இருக்கும் தீவு, நடுவில் ஒரு மனுஷன் கூஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுங்கக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

அந்தத் தனுஷ்கோடி இன்று இல்லை. புயல் வந்து ஊரையே கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது ராமேசுவரத்திலிருந்தே கப்பல் போகிறதாம். போகட்டும், ஆனால் அந்த மணல், பொரித்த மீன் விற்றவர்களின் கூப்பாடு, கப்பல் ஏறும் பாலத்தில் நின்றுகொண்டு பயத்தில் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்ட நான், எல்லாமே அதோடு போய்விட்ட மாதிரி எனக்கு மனசு கனத்துப்போகும்.

மடு மாதாவுக்கு நேர்ச்சை செலுத்தப் போகிறோம் என்றுதான் தெருவில் சொல்லியிருந்தோம். அது பாதி உண்மை. என் அக்கா லூர்துவை மாத்தளையில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே அத்தானுக்குப் பலசரக்குக் கடை. அத்தானின் தம்பி ஞானம் என்பவருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் கடல் தாண்டி வரவேண்டியிருக்க, என் அப்பா பெண்ணையே கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். "பாத்துட்டு உனக்குப் பிடிச்சாச் சொல்லு பாப்பா. வேண்டாம்னா வேண்டாம்" என்றார். அந்தக் காலத்தில் எந்த அப்பா இதைச் சொன்னார்? தெருவுக்குத் தெரிந்தால் நாறிவிடும் என்றுதான் மாதாவைத் துணைக்கு இழுத்தோம்.

அப்பாவுக்கு ஒரு வைராக்கியம். தோல் மண்டியில் கணக்கு எழுதியவர் அவர். சம்பளம் பெரிதில்லை, பேச்சும் குறைவு. ஆனால் குடம் சுமக்கிற ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று மட்டும் சத்தியம் செய்திருந்தார். அம்மா இடுப்பில் குடம் வைத்து வைத்து ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பாள். வெயில் காலத்தில் விடிவதற்கு முன்னால் குழாயடிக்குப் போய் வெயில் ஏறித் திரும்புவாள். அதைப் பார்த்துப் பார்த்து வந்த சத்தியம். அக்காவைக் கடல் தாண்டிக் கொடுத்ததும் அதற்காகத்தான். அக்காவின் தலைப்பிள்ளை காய்ச்சலில் போனது என்று கடுதாசி வந்த அன்றுகூட, அழுதுவிட்டு, "ஆனாலும் அவ குடம் சுமக்கலை" என்றார்.

கப்பலைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ஏறின கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தவள் அக்கரை வரும்வரை எழவில்லை. அப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இம்புட்டும் உப்பு! என்ன அநியாயம்!" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

முதல் நாள் மடு. காட்டுக்கு நடுவில் கோயில், ஓங்கி வளர்ந்த மரங்கள், மரத்தடியில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். தமிழும் சிங்களமும் ஒரே மெழுகுவர்த்தியில் பற்றவைத்துக்கொண்டு போயின. நான் முழங்காலில் நின்று, "மாதாவே, எது நல்லதோ அதை நீயே சொல்லிவிடு" என்று வேண்டிக்கொண்டேன். பொறுப்பைத் தள்ளிவிடுவதில் நான் கெட்டிக்காரி.

மறுநாள் மாத்தளை. ரயிலில் ஒரு அம்மாள் எங்களுக்குப் பாணும் பொல் சம்பலும் கொடுத்தாள். பாண் என்றால் ரொட்டி. தேங்காய்த் துருவலை மிளகாயோடு இடித்து எலுமிச்சை பிழிந்தால் பொல் சம்பல். காரம் மண்டைக்கு ஏறியது. அப்பா கண்ணில் நீர் வழியத் தின்றுவிட்டு, "வெஞ்சனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுத் தேங்காயா! நம்ம வீட்டுல ஒரு மூடிய வச்சு ஒரு வாரம் ஓட்டுவா உங்கம்மா" என்றார்.

ஸ்டேஷனுக்கு அக்கா வந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டு, நிறம் வெளுத்து, எங்கள் லூர்துதானா என்று இருந்தது. கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிக்கும் முன்னாலேயே என் காதில், "நீ வந்துருடி. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமச் சாகுறேன்" என்றாள். பக்கத்தில் குடையோடு ஒருவர் நின்றார். ஒல்லி, கறுப்பு, சிரித்தால் முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும். அவர்தான் ஞானம். எங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குடையை அப்பாவுக்குப் பிடித்தார். எனக்கு அவர் குடை பிடிக்கவில்லை, நனைந்தேன். பிறகு விசாரித்தால், பெண்ணுக்குக் குடை பிடித்தால் நான் கூச்சப்படுவேன் என்று நினைத்தாராம்.

அந்த வீட்டின் பின்னால் மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஒரு மூங்கில் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பீலி என்கிறார்கள். அப்பா அதன் எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

"தம்பி, இதை யாரு அடைக்கிறது?"

"யாரும் அடைக்கிறதில்ல மாமா" என்றார் ஞானம்.

"அப்ப ராத்திரிக்கு?"

"ராத்திரியும் ஓடும்."

"யாரும் பிடிக்கலைன்னாலும்?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

அப்பா வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் குளிக்கப் போனபோது, பழக்கதோஷத்தில் பீலிக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, நிறைந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறைவுக்குப் போய் மொண்டு மொண்டு குளித்தேன். அக்கா எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி கிறுக்கி, அதுக்கு அடியில நில்லுடி!" நின்றேன். தலையில் கொட்டிய தண்ணீர் எனக்கு எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லவே இல்லை. ஏதோ திருடுகிற மாதிரி உறுத்த, சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

தேநீர் குடிப்பதற்கும் ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள். கறுத்த சாயமும் கையில் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் தருவார்கள். ஒரு கடி, ஒரு வாய் என்று போகவேண்டும். அப்பா கருப்பட்டியை முதலிலேயே தின்று தீர்த்துவிட்டு, கசப்பை மருந்து மாதிரிக் குடித்தார். அக்காவின் மாமியார் மரியாதைக்கு மறுபடியும் கருப்பட்டி வைக்க, அதையும் உடனே தின்றார். அந்த வீட்டில் அப்பாவுக்குக் கருப்பட்டிப் பிரியர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கடுத்த நாள் கண்டி பார்க்கப் போனோம். அக்கா, அவள் இடுப்பில் இரண்டாவது மகன், அப்பா, நான், வழிகாட்டியாக ஞானம். ஏரியைச் சுற்றினோம், பேராதனைத் தோட்டத்தில் யானைக்கால் தடிமனுக்கு மூங்கில் பார்த்தோம், மகாவலி ஆற்றுப் பாலத்தில் நின்றோம். எங்கள் குடகனாற்றில் தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்க்க ஓடுவோம். இந்த ஆற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஜனங்கள் மேல் கோபமே வந்தது.

திரும்பும்போது பஸ் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, சீட்டுக்கடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, சாலையோரம் ஒழுகிய ஊற்றில் பிடித்து இஞ்சினுக்கு ஊற்றினார். அப்பா பதறி, "குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறானே!" என்றார். பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவி ஏதோ கேட்டாள். ஞானம் பதில் சொல்ல, அவள் அப்பாவையே வெகுநேரம் பார்த்துவிட்டு மடியிலிருந்து மங்குஸ்தான் பழங்களை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"என்ன சொல்லுது இந்தம்மா?"

"தண்ணி இல்லாத ஊருல எப்படிப் பிள்ளைகளை வளத்தீங்கன்னு கேக்குது மாமா."

"வளத்துட்டோம்னு சொல்லு" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த பெருமையை ஞானம் அப்படியே சிங்களத்தில் சொன்னார் போலிருக்கிறது. கிழவி அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த நிமிஷம் எனக்கு ஞானத்தைப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலமே அக்காவிடம் சரி என்று சொல்லியிருப்பேன். வெட்கம் தடுத்தது. வெட்கத்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். ஆண்கள் கடையில். அக்காவும் அவள் மாமியாரான அத்தையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி ஓட்டில் விழுந்ததும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

"பாப்பா, அண்டாவ எடு!"

பீலி பின்னால் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லை. மழை என்றால் பாத்திரம். திண்டுக்கல்காரனுக்கு வேறு என்ன தெரியும்? அண்டா, குடம், தவலை, இட்லிக் கொப்பரை, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, கடைசியில் தேநீர்ப் பாத்திரம் வரை முற்றத்தில் பரப்பினோம். எது நிறைகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினோம். இருவரும் தொப்பலாக நனைந்தோம். "வருது பாரு! அம்புட்டும் வருது பாரு!" என்று அப்பா சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மழை தூறலாகக் குறைந்தபோது ஞானம் வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா, அத்தை. முற்றத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குடையைச் சுவரில் சாய்த்தார். நேராகப் போய் முதல் அண்டாவைச் சாய்த்தார். விளிம்புவரை நிறைந்த தண்ணீர் மளமளவென்று சாக்கடைக்குப் போயிற்று. அடுத்த குடம். அடுத்த தவலை.

"தம்பி, தம்பி! நல்ல தண்ணிப்பா!" அப்பா கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

"தெரியும் மாமா" என்றார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளாவது தடுப்பாள் என்று நினைத்தேன். அக்கா குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்து, என் காலடியில் இருந்த குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். "விடுங்க அண்ணே, நாளைக்கும் பெய்யும்" என்று அத்தை அப்பாவைச் சமாதானப்படுத்தினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலையில் அப்பா பீலிக் கல்லில் உட்கார்ந்து கேட்டார். "எனக்குச் சம்மதந்தான். நீ என்ன சொல்ற?"

"வேண்டாம்ப்பா."

"நேத்து அந்தத் தண்ணிய ஊத்துனதுக்கா?"

தலையாட்டினேன்.

"அடி கிறுக்கி! தண்ணிய ஊத்துற வீடாத் தேடித்தானே உன்னைக் கடல் தாண்டிக் கூட்டியாந்தேன்!"

"அக்காவும் ஊத்துச்சுப்பா. பாத்தீங்கள்ல? அது நம்ம ஆளாவே இல்ல. இங்க வந்தா நானும் அப்படித்தான் ஆயிருவேன். அப்புறம் அம்மா பட்டது எங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிருமே."

அப்பா பீலியில் கையை ஏந்தி முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு எழுந்து போய் அத்தையிடம், பிள்ளை இன்னும் படிக்க ஆசைப்படுகிறாள், பிறகு பார்க்கலாம் என்று சொன்னார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஞானத்துக்கும் புரிந்தது. ஆனாலும் வழிக்கு வேண்டுமென்று கருப்பட்டியை வாழைச்சருகில் கட்டி அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்தார்கள். ரயில் வந்து நின்றுவிட்டது. அப்பா மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். ஞானம் கூஜாவை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"தண்ணிய ஊத்துனதுக்கா ஒரு மனுஷனை வேண்டாங்குற?"

"நீயும்தான ஊத்துன" என்றேன். கோபம் கோபமாக வந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்த புதுசுல நானும் உன்னை மாதிரிதாண்டி. ஒரு மழை விடமாட்டேன். வீட்டைச் சுத்திச் சட்டி, பானை, டப்பா. அத்தை வேண்டாம்னு சொன்னாக, நான் கேக்கல. மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, மருந்தடிக்க வந்தவன் ஒவ்வொரு பாத்திரமா எட்டிப் பாத்தான். கொசு பூராவும் இதுலதாம்மா பிறக்குதுன்னான். ஞானந்தான் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது. அது தோள்லதான் அவன் போனான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுலருந்து வாசல்ல தண்ணி நின்னா அதுக்கு ஆகாது. ஆனா ஒரு நாளு, ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லடி. முந்தாநாளும் சொல்லல பாத்தியா? எனக்காகத்தான் சொல்லல. நானும் எப்படிச் சொல்லுவேன்? அம்மா சொல்லிக் குடுத்த பழக்கத்துல என் பிள்ளை போச்சுன்னு ஊருக்கு எழுதவா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். செத்துப்போன அந்தப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் அவனுக்காக அழுதேன். கார்டு விசில் ஊதினார். அப்பா கூப்பிட்டார். நான் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்பா, அத்தைகிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லுங்க."

"எதை?"

"எனக்குச் சம்மதம்னு சொல்லுங்கப்பா!"

"வண்டி கெளம்பிருச்சேடி!"

"கத்துங்க!"

வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத என் அப்பா, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சம்பந்தியம்மா! சம்மதம்! பிள்ளைக்குச் சம்மதமாம்!" என்று கூவினார். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. கூஜாவோடு ஓடிவந்த ஞானத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூஜாவை அப்பா கையில் கொடுத்துவிட்டு, "என்ன மாமா? என்ன?" என்று வண்டி கூடவே ஓடினார். "உன்னைத்தாம்ப்பா!" என்றார் அப்பா. ஞானம் நின்றுவிட்டார். அந்தத் தூக்கின பல் தெரிந்தது. நான் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் கோயிலில் கல்யாணப் பூசை நடந்து, நானும் மாத்தளைக்குப் போய்ச் சில வருஷம் இருந்தேன். பிறகு கடையை மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டோம். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் கண்டி ஏரி, பேராதனை, மடு எல்லாம் சொல்வேன். சொல்லாதது ஒன்று உண்டு.

கல்யாணமாகிப் போன புதிதில் ஒரு மத்தியானம், வீட்டில் நான் மட்டும் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கழுவி வெளியில் வைத்திருந்த என் சீர் அண்டா, அம்மா சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்தது, மழை விடுவதற்குள் கண்ணெதிரே நிறைந்துவிட்டது. சுத்தமான தண்ணீர். அடியில் பொறித்திருந்த என் பெயர் அசையாமல் தெரிந்தது. எங்கள் தெருவில் அது ஒரு நாள் முழுக்கப் போதும். ஒருவேளை அந்நேரம் அம்மா குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். விளிம்பைப் பிடித்த கையை எடுத்து எடுத்து வைத்தேன். எனக்குள்ளேயும் ஒரு பிள்ளை அப்போது அசையத் தொடங்கியிருந்தது. "அம்மா, கோவிச்சுக்காத" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முழுதையும் சாய்த்தேன்.